ஆராய்ச்சிப் பணத்தில் சிறு பட்டறைக்கும் பங்கு வேண்டும்

(நாரந்தனையில் அண்மையில் நடைபெற்ற கமக்காரர், தொழிலறிஞர் பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணியொருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம் இங்கு தரப்படுகின்றது.)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் எமது மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. காணி பற்றிப் பேசியிருக்கின்றோம். மொழி பற்றிப் பேசியிருக்கின்றோம். கடலும் வீதியும் பற்றிப் பேசியிருக்கின்றோம். ஆராய்ச்சி என்றவுடன் அது கொழும்பிலும் வாஷிங்டனிலும் இருப்போர் விவகாரம் என்று ஒதுக்கி வந்திருக்கின்றோம். ஆனால், மக்கள் இறுக்கும் வரிப்பணத்தில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குச் செல்கின்றது. அதிலும் ஒரு பகுதி போர்க்கருவி ஆராய்ச்சிக்கும், ஒரு பகுதி மருத்துவ ஆராய்ச்சிக்கும் செல்கின்றது. அந்தப் பணம் யார் கைக்குச் செல்கின்றது? அதிலிருந்து பிறக்கும் அறிவு யாருக்கு உரியது? அது ஏழையின் புண்ணை ஆற்றுகின்றதா? இவை அரசியற் கேள்விகள். ஆகவே அரசியல் மேடையிலேயே இவற்றைக் கேட்கின்றோம்.

போர்க்கருவி என்ற சொல் இந்த மண்ணில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் அறிவோம். குண்டின் அறிவை அது விழும் இடத்தில் இருந்து கற்றவர்கள் நாம். அந்த அறிவின் கொடுமையை அனுபவித்த மக்களுக்கு, அதிலிருந்து பிறக்கும் நன்மையைக் கேட்கும் உரிமை மற்றெவரினும் கூடுதலாக உண்டு என்பதே எமது வாதம்.

விமானக் கண்ணாடியும் மதுரை வில்லையும்

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்வோம். இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் முதியோர் பலர் கண்ணிற் புரை எடுத்து, உள்ளே செயற்கை வில்லை வைக்கப்பெற்றவர்கள். அந்த வில்லை எங்கே பிறந்தது? இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. பிரித்தானிய விமானங்களின் மேற்கூடு உடைந்து, அதன் செயற்கைக் கண்ணாடித் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. ஹரல்ட் றிட்லி என்னும் கண் வைத்தியர் அவர்களைப் பரிசோதித்தபோது, அத்துணுக்குகளை விமானிகளின் கண் பகையாக எண்ணி வெறுக்காமல் ஏற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். அதே பொருளால் ஒரு வில்லை செய்து 1949 நவம்பர் 29 ஆம் நாள் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அந்த வில்லையைச் செய்துகொடுத்தது பிரைற்றன் நகரத்திலிருந்த றேய்னர் என்னும் கண்ணாடிக் கம்பனி.

ஆனால், கண்டுபிடிப்பு ஒன்று. அது ஏழையைச் சென்றடைவது வேறொன்று. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு வில்லையின் விலை நூறு டொலர் அளவில் நின்றது. தென்னாட்டுக் குடியானவன் அதனை எங்ஙனம் வாங்குவான்? 1976 இல் பதினொரு கட்டில்களுடன் மதுரையில் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கியவர் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கைகளைக் கொண்டே ஆயிரமாயிரம் கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் அவர். அவருடைய நிறுவனத்தார் 1992 இல் ஒரோலாப் என்ற தொழிற்சாலையை ஆரம்பித்து, அவ்வில்லையைத் தாமே செய்தனர். விலை பத்து டொலருக்கும் கீழே இறங்கியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது செல்கின்றது. செய்முறை கையில் வந்தவுடன் மதுரை இலண்டனுக்கு இளைத்ததாக இல்லை.

வயலில் நடக்கும் கால்

அடுத்து, காலைப் பற்றிச் சொல்வோம். கண்ணிவெடி என்ன செய்யுமென்று யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மேலைநாட்டார் செய்த செயற்கைக் கால் சப்பாத்துக்குள் வைப்பதற்கு ஏற்றது. சம்மணமிட்டு அமரவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும், கோயிலுக்குள் வெறுங்காலுடன் செல்லவும் அது உதவாது. 1960 களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து, இறப்பரும் மரமும் கொண்டு ஒரு பாதம் செய்தனர். சர்மா பள்ளிப்படிப்பு மிகக் குறைந்தவர். சேத்தியோ பெரும் பட்டங்கள் பெற்றவர். ஒருவருடைய கையும் மற்றவருடைய கல்வியும் ஒன்றாயின. ஜெய்ப்பூர்க் கால் பிறந்தது. சேத்திக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது. அதனினும் பெரிய விருது, எங்கள் யாழ்ப்பாணத்தில் அதே முறையிற் கால் செய்யும் நிலையம் 1980 களில் தொடங்கிப் போர்க்காலம் முழுவதும் இயங்கியமை. காலிழந்தவன் மீண்டும் மண்வெட்டி பிடித்தான்.

மூன்றாவதாக, எமக்கு மிக அண்மையிலிருந்த ஒரு பெருமகனைச் சொல்ல வேண்டும். இத்தீவுகளிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்தால் இராமேஸ்வரம். அங்கே பிறந்த அப்துல் கலாம் அக்கினி ஏவுகணைக்காக இலேசான கரியிழைக் கலவைப் பொருளொன்றை உருவாக்கும் பணியில் இருந்தார். ஐதராபாத்து நிஜாம் வைத்திய நிலையத்தில் போலியோவினால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கிகளை இழுத்து நடப்பதைக் கண்டார். ஏவுகணைக்குச் செய்த பொருளால், சில வாரங்களுக்குள், ஏறத்தாழ முந்நூறு கிராம் நிறையுள்ள தாங்கிகள் செய்யப்பட்டன. தம் வாழ்வில் தாம் பெற்ற பேரானந்தங்களுள் ஒன்றாக அவர் இதனைப் பல மேடைகளிற் கூறினார். ஏவுகணையைச் செய்ய ஆண்டுகள் பல. குழந்தையின் காலுக்கு வாரங்கள் சில! அறிவு முன்னரே இருந்தது. அதனைக் குழந்தையின் பக்கம் திருப்பும் மனம் வேண்டியிருந்தது. அம்மனம் ஓரிரு பெருமக்களிடம் தோன்றும்வரை ஒரு சமுதாயம் காத்திருக்கலாமா? அதனைச் சட்டமாக்க வேண்டும் என்கின்றோம்.

இறால் ஓடும் வெண்களியும்

இப்பொழுது எமது கடற்கரைக்கு வருவோம். போர்க்களத்தில் மடிவோருள் தப்பியிருக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இரத்தம் பெருகியே மடிகின்றனர். ஆகவே இரத்தத்தை விரைவில் நிறுத்தும் பொருளை அமெரிக்கச் சேனை தேடியது. அதற்கு விடை தந்தவை மாபெரும் கம்பனிகளா? இல்லை.

ஒறிகன் மாநிலத்தில் ஹெம்கொன் என்ற சிறு கம்பனி இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைற்றோசான் என்னும் பொருளால் ஒரு கட்டுத்துணி செய்தது. சேனையின் ஆராய்ச்சி நிதி அதற்குத் துணைநின்றது. 2002 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாரின் அனுமதி கிடைத்தது. அதே 2002 இல் கனெற்றிக்கட் மாநிலத்தில் இசெட்-மெடிக்கா என்ற மற்றொரு சிறு கம்பனி சியோலைற்று என்ற கனிப்பொடியைக் கொண்டுவந்தது. அது இரத்தத்தை நிறுத்தியது. ஆனால் சூடேறித் தோலைச் சுட்டது. மேலும் ஆராய்ந்து அப்பொடியை நீக்கி, கயோலின் என்னும் வெண்களி ஏற்றிய துணியை உருவாக்கினர். 2008 முதல் அது அமெரிக்கப் படைவீரரின் பையில் இடம்பெற்றது.

இவ்விரண்டும் எவ்வாறு வேலை செய்கின்றன? கைற்றோசான் நேர் மின்னேற்றம் உடையது. செங்குருதிக் கலங்களோ எதிர் மின்னேற்றம் உடையவை. ஆகவே அவை ஒன்றையொன்று இழுத்துக் காயத்தின் வாயை அடைத்துக்கொள்கின்றன. வெண்களி வேறு வழியில் உதவுகின்றது: உடலில் இயல்பாகவே உள்ள உறைதற் பொருள்களைத் தூண்டிவிடுகின்றது. மாயம் ஒன்றுமில்லை.

இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் நாம் என்ன செய்கின்றோம்? கரையில் எறிகின்றோம்; நாற்றம் தாங்காமற் புதைக்கின்றோம். வெண்களி இந்நாட்டில் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் நிலத்தில் உண்டு. மூலப்பொருள் இரண்டும் எம்மிடம் உண்டு. முடிந்த பொருளை மட்டும் டொலர் கொடுத்து வாங்குகின்றோம்.

"இது வெள்ளைக்காரன் செய்கின்ற காரியம்" என்று எவரும் சொல்லவேண்டா. இந்தியாவில் லியோ மாவேலி என்ற இளைஞர் 2008 இல் ஆக்சியோ என்ற சிறு கம்பனியைத் தொடங்கி, அதே கைற்றோசானாலேயே கட்டுத்துணி செய்தார். அது இந்தியப் படையினரிடமும் சென்றது, வைத்தியசாலைகளிலும் வழங்குகின்றது. அயல்நாட்டு இளைஞருக்கு இயன்றது எமது இளைஞருக்கு ஏன் இயலாது?

நெடுந்தீவில் ஒருவர் மரம் தறிக்கையிற் கோடரி தவறிக் காலில் வெட்டுண்டால், பெரிய சத்திரசிகிச்சைக்கு அவர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். அனலைதீவாரும் எழுவைதீவாரும் நயினாதீவாரும் அவ்வாறே கடலை நம்பியுள்ளனர். காற்றுக் காலத்தில் அக்கடலின் தன்மையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரமெல்லாம் இரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். போர்வீரனுக்காகச் செய்யப்பட்ட துணி தீவுப்பகுதிக் கமக்காரனுக்கும் பனையேறுபவனுக்கும் கடற்றொழிலாளிக்கும் எவ்வளவு வேண்டியது என்று எண்ணிப்பாருங்கள்!

சட்டம் செய்த வேலை

அமெரிக்காவிற் சிறு கம்பனிகள் இத்துறையில் நுழைந்தமைக்கு ஒரு சட்டமும் காரணம். 1982 இல் அந்நாட்டுப் பேரவை ஒரு சட்டம் இயற்றியது. வெளியார்க்குப் பெருந்தொகை ஆராய்ச்சிப் பணம் வழங்கும் ஒவ்வொரு அரசாங்கத் திணைக்களமும் அதில் ஒரு பங்கைச் சிறு கம்பனிகளுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தொடக்கத்தில் அப்பங்கு 0.2 வீதம். பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து 2017 இல் 3.2 வீதமாயிற்று. காலவரை வைத்து இயற்றப்பட்ட அச்சட்டம் பன்முறை நீட்டப்பட்டது. அப்பணத்தில் மிகப் பெரிய பகுதியைக் கொடுத்தது பாதுகாப்புத் திணைக்களம். அடுத்தது சுகாதாரத் திணைக்களம்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். மூன்று படிகள். முதற்படியில், எண்ணம் நடைமுறைக்கு வருமா என்று பார்க்க ஒரு சிறு தொகை. அது தேறினால், இரண்டாம் படியில் பொருளைச் செய்து முடிக்கப் பெருந்தொகை. மூன்றாம் படியில் இந்நிதி இல்லை; சந்தையோ அரசாங்கத்தின் கொள்வனவோ தாங்க வேண்டும். கண்டுபிடிப்பின் உரிமை கம்பனியிடமே நிற்கும். எண்ணம் பிழைத்தால் அரசாங்கம் இழப்பது சிறு தொகை. பலித்தால் நாடு பெறுவது பெரும்பயன். அங்கே சிறு கம்பனி என்றால் ஐந்நூறு பேருக்கு மேற்படாதது என்று பொருள். எங்கள் பட்டறைகளில் ஐந்துபேர் இருந்தாலே நாம் அதனைத் தொழிற்சாலை என்போம்! ஆயினும் தத்துவம் ஒன்றே.

இந்தியாவும் அவ்வழியிற் சென்றது. உயிரியற் றொழில்நுட்பத்துறையில் சிறு முயற்சிகளுக்கு உதவ 2012 இல் ஒரு நிறுவனம் அமைத்தது. பாதுகாப்புத்துறையில் 2018 இல் சிறு கம்பனிகளுக்கு ஒன்றரைக் கோடி ரூபா வரை வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2019 சனவரியில் தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து இடங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. தண்ணீர்ப் பம்பி செய்துவந்த கோவைப் பட்டறைக்காரருக்கும் அதனால் வழி திறந்தது.

எங்கள் நாட்டின் நிலை

இலங்கையின் நிலை என்ன? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பங்கு பல்லாண்டுகளாக 0.1 வீதத்தை ஒட்டியே நிற்கின்றது. போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் அதன் பின்னரும் பாதுகாப்பு அமைச்சு வரவு செலவுத் திட்டத்தின் மிகப் பெரிய ஒதுக்கீடுகளுள் ஒன்றைப் பெற்று வந்திருக்கின்றது. அவ்வமைச்சின் கீழ் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அதற்கும் ஊர்காவற்றுறையிலுள்ள ஒரு கடைச்சற் பட்டறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மருந்தின் பெரும்பகுதியை நாம் வெளிநாட்டிலிருந்தே இறக்குகின்றோம். 2022 இல் டொலர் வற்றியபோது நடந்ததை மறந்துவிட முடியுமா? அவ்வாண்டு மார்ச்சு மாதம் பேராதனை வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளையே நிறுத்த நேர்ந்தது. பிறர் கையை நோக்கியிருக்கும் மருத்துவம், பணம் உள்ளவரைதான் மருத்துவம்.

கமக்காரர் கேட்பார்: "இதில் எமக்கு என்ன?" பாம்புக்கடியைச் சொல்வோம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உங்கள் தோட்டத்து அயலவர்கள். அவற்றின் நஞ்சுக்கு இலங்கை வைத்தியசாலைகள் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த மருந்து இந்தியாவிற் செய்யப்படுவது. அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவது பெரும்பாலும், சென்னைக்கு அண்மையில் 1978 இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வேட்டை தடுக்கப்பட்டு வாழ்விழந்த ஓர் ஏழைக் குலம் கூட்டுறவினால் ஒரு பெருநாட்டின் உயிர்காப்புத் தொழிலுக்கு அடித்தளமாயிற்று. வணங்கத்தக்க செயல்! ஆனால், அங்குள்ள பாம்பின் நஞ்சும் இங்குள்ள பாம்பின் நஞ்சும் முற்றிலும் ஒன்றல்ல. ஆகவே அம்மருந்து இங்கே முழுப்பலன் தருவதில்லை என்பது வைத்திய அறிஞர் கண்ட உண்மை. எம் மண்ணின் பாம்புக்கு எம் மண்ணிலேயே மருந்து காண்பது எவர் கடமை?

அறிவு எமக்குப் புதிதன்று

"எங்களுக்கு ஆராய்ச்சி தெரியுமா?" என்று தயங்குவோர் உளர். 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தை நினைவிற் கொள்ளுங்கள். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டினோம். பற்றரி இல்லை, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எண்ணெய் அருமை, ஜாம் போத்தலில் சிக்கன விளக்குச் செய்து பிள்ளைகள் படித்தனர். அதற்கெல்லாம் ஆக்கவுரிமைப் பத்திரமும் இல்லை, மானியமும் இல்லை. தேவையும் கைத்திறனும் மட்டுமே இருந்தன.

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் வடக்கில் நிகழ்ந்த மற்றொன்றும் உண்டு. கண்ணிவெடி அகற்றியவர்கள், குப்பை வாரும் சாதாரண வாரியை நீண்ட பிடியுடன் திருத்தியமைத்து, மண்ணை மெல்ல வாரி வெடிகளைக் கண்டெடுத்தனர். ஜெனீவாவிலுள்ள சர்வதேசக் கண்ணிவெடி அகற்றல் மையம் அம்முறையை ஆய்ந்து நூலாக வெளியிட்டது. கமக்காரனின் கருவி உலகத்துக்குப் பாடமாயிற்று! கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரிற் சேர்ந்தது. ஆனால், அந்த வாரியைச் செய்த கைகளைத் தேடி எந்த ஆராய்ச்சி நிதி வந்தது?

இன்னும் பின்னே செல்லுங்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலுக்கு 'இரணவைத்தியம்' என்று தமிழிற் பெயர் வைத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இரணவைத்தியத்தைத் தமிழிற் கற்ற சமுதாயத்துக்குப் புண் கட்டும் துணியைப் பற்றி ஆராயும் தகுதி இல்லை என்று எவர் கூறுவார்?

ஒரு தடையும் அதற்கு விடையும்

எமது நண்பர்கள் சிலர் கேட்கின்ற ஒரு கேள்வியை மறைக்க வேண்டியதில்லை. "பாதுகாப்பு ஆராய்ச்சி என்ற பெயரில் எம் பிள்ளைகள் ஆயுதம் செய்யவா போகின்றனர்? போரின் பணத்தைத் தொடலாமா?" நியாயமான கேள்வி. எமது விடை இது. அப்பணம் போரின் பணமாவதற்கு முன்னர் மக்களின் பணம். உப்புக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் கொடுத்த வரி அதில் உண்டு. அதில் எமது பங்கைக் கேட்பது யாசகமன்று. ஆனால், எதற்காகக் கேட்கின்றோம் என்பதில் எமக்கு ஓர் எல்லை வேண்டும். உயிரைப் பறிக்கும் கருவி எதனையும் எம் பட்டறைகள் தொடலாகாது. இரத்தத்தை நிறுத்தும் துணி, வெடியைக் கண்டுபிடிக்கும் கருவி, இழந்த உறுப்புக்கு மாற்று, புயலிலும் தவறாத கடற்றொடர்புக் கருவி, நன்னீராக்கும் இயந்திரம் என்னும் இவையே எமது துறைகள். இவ்வெல்லையைப் பேச்சில் மட்டும் வைக்காமல் சட்டத்திலும் எழுத வேண்டும்.

சட்டம் அறிந்தே இறங்க வேண்டும்

பட்டறை வைத்திருக்கும் தம்பிமாருக்குச் சட்டத்துறையில் நின்று சில சொல்ல விரும்புகின்றோம்.

ஹெம்கொன் கம்பனியின் கதையில் நாம் சொல்லாத பாதி ஒன்று உண்டு. மசச்சூசெட்சிலிருந்த மற்றொரு கம்பனி, தன் ஆக்கவுரிமையை அது மீறியதாக வழக்குத் தொடுத்தது. 2010 இல் யூரிமார் 29 மில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தனர். 2012 இல் மேன்முறையீட்டிலும் தோற்ற ஹெம்கொன் அவ்வாண்டே கடன் தீர்க்க இயலாத நிலையில் நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேடியது. போர்க்களத்தில் உயிர்காத்த பொருள் நீதிமன்றத்திற் கம்பனியைக் காக்கவில்லை. ஆகவே, செய்யத் தொடங்குமுன் யாருடைய உரிமை எதுவரை செல்கின்றது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

இந்நாட்டில் இதனை ஆளுவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆக்கவுரிமையின் காலம் இருபது ஆண்டுகள். நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் முறைக்கு அது ஆக்கவுரிமை கொடாது. ஆனால் அச்சிகிச்சையிற் பயன்படும் பொருளுக்குக் கொடுக்கும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிடின், வேலைக்கமர்த்தியவன் சொல்லிச் செய்வித்த கண்டுபிடிப்பு வேலைகொடுத்தவனுக்கே சேரும். எனவே எழுத்தில்லாமல் எவருடனும் கூட்டுச் சேராதீர்கள். செய்த சோதனை ஒவ்வொன்றையும் திகதியிட்டுக் கொப்பியில் எழுதுங்கள். விண்ணப்பம் செய்வதற்கு முன் கண்காட்சியில் வைத்துக் கைதட்டு வாங்காதீர்கள். மனித உடலிற் சோதிப்பதாயின் வைத்திய பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. இறால் ஓட்டின் சுண்ணாம்பை நீக்க அமிலம் வேண்டும். புரதத்தை நீக்கவும் கைற்றோசானாக மாற்றவும் கடுங்காரம் வேண்டும். அக்கழிவு நிலத்தில் இறங்கினால் எமது கிணறுகள் என்னவாகும்? தீவுகளின் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டுமென்ற நியாயத்தை நிலைநாட்டி இரண்டு கோடி ரூபா செலுத்தப் பணித்தது. புண்ணை ஆற்றும் மருந்து செய்யப்போய்க் குடிநீரைப் புண்ணாக்குதல் ஆகாது. ஆகவே முதலில் சிறிதாகத் தொடங்குக. முதலிற் பயிருக்கும் நீர் தெளிவித்தலுக்கும் உதவும் தரத்திலான கைற்றோசான். தூய்மையும் கிருமிநீக்கமும் கைவந்த பின்னரே மருத்துவத் தரம். படியேறாமல் மாடிக்குத் தாவ முயல்வோர் விழுவர்.

எமது கோரிக்கைகள்

இவ்வளவும் சொல்லி, அரசாங்கத்திடமும் பாராளுமன்றத்திலுள்ள எமது பிரதிநிதிகளிடமும் ஐந்து கோரிக்கைகளை வைக்கின்றோம்.

ஒன்று: பாதுகாப்பு ஆராய்ச்சி உட்பட, அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் மூன்று ரூபாவேனும் சிறு பட்டறைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சட்டப்படி ஒதுக்கப்படல் வேண்டும். ஆளைப் பார்த்துக் கொடுக்கும் தயவாக அது இருத்தலாகாது. எண்ணம், செய்பொருள், கொள்வனவு என்ற மூன்று படிகளும் அச்சட்டத்திற் பொறிக்கப்படல் வேண்டும்.

இரண்டு: அந்நிதியில் ஒரு சதமும் கொலைக்கருவிக்குச் செல்லலாகாது. வைத்தியம், மாற்றுத்திறனாளர் நலம், வெடியகற்றல், குடிநீர் ஆகியவற்றுக்கு முதலிடம்.

மூன்று: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடமும் கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடமும் குறித்த சிறு கட்டணத்திற் சோதனை வசதி அளிக்கும் பரிசோதனை நிலையமொன்றை அமைத்தல் வேண்டும். கதவைத் தட்டும் பட்டறைக்காரனிடம் பட்டம் கேட்கலாகாது. பொருளைக் கேட்க வேண்டும்.

நான்கு: 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதக் கட்டுப்பாட்டு அதிகாரசபையின் தரத்தை எட்டும் உள்நாட்டுப் பொருளில் ஒரு பங்கை அரசாங்க வைத்தியசாலைகள் வாங்கியே தீர வேண்டும். கேள்விப்பத்திரத்தில் பத்தாண்டு அனுபவமும் பெருந்தொகை வைப்பும் கேட்டுச் சிறியோனை வாசலிலேயே மறித்தலாகாது. தரத்தில் மட்டும் ஓர் அணுவும் விட்டுக்கொடுத்தல் வேண்டா. மட்டமான மருந்து உள்ளூரிற் செய்யப்பட்டாலும் நஞ்சே.

ஐந்து: விண்ணப்பமும் விசாரணையும் முடிவும் தமிழில் நடைபெறல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அச்சட்டம் ஆங்கிலப் படிவத்தின் முன்னே மண்டியிடலாகாது.

அரசாங்கம் செய்யும்வரை கைகட்டியிருப்போமா? வேண்டியதில்லை. வைத்தியர்களே, உங்கள் நோயாளிக்கு எந்தக் கருவி இல்லாமல் இடர்ப்படுகின்றீர்கள் என்று எழுதித் தாருங்கள். பொறியியலாளர்களே, ஓய்வு நாளொன்றில் ஒரு பட்டறையின் வாசலிற் சென்று அமருங்கள். கடற்றொழிற் சங்கத்தாரே, ஓடுகளை எறியாமற் சேர்த்து வைக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். கமக்காரப் பெருமக்களே, பயிர்த்தரக் கைற்றோசான் கிடைக்கும்போது ஒரு பாத்தியிற் பரீட்சித்து, கண்ட பலனை ஒளிக்காமற் கூறுங்கள். பலன் இல்லாவிடின் அதையும் கூறுங்கள். அதுவும் ஆராய்ச்சியே. கடல்கடந்து வாழும் எம் உறவினரே, கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை இத்தகைய முயற்சிக்கும் அனுப்புங்கள், தெய்வம் கோபிக்காது.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டியவர்கள் தம் கையையும் கண்ணையும் நம்பிய ஓடாவிகள். அவர்கள் கை இன்றும் எம்மிடம் உண்டு. அந்தக் கைக்கு ஆய்வுகூடத்தின் கதவு திறக்க வேண்டும். பணப்பெட்டியின் கதவும் திறக்க வேண்டும். இரண்டையும் திறக்கும் திறவுகோல் சட்டம். அச்சட்டத்தைக் கேட்டு ஊரூராய்க் கையொப்பம் திரட்டும் பணி நாரந்தனையிலிருந்தே தொடங்குகின்றது. மேடையின் வலப்பக்கத்து மேசையில் தாள் வைக்கப்பட்டிருக்கின்றது. வாசித்துப் பார்த்து, உடன்பட்டால் ஒப்பமிடுங்கள்.